விலை இறங்கிய ஸ்கெலிட்டன் வாட்சும் என் காந்தத் தொல்லையும்

முன்னும் பின்னும் கண்ணாடி போட்டு, உள்ளே சக்கரங்கள் ஓடுவது தெரிகிற ஸ்கெலிட்டன் வாட்ச் அது; பேட்டரி இல்லாமல் கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக். அதை நான் 12,000 ரூபாய்க்கு வாங்கினேன். இப்போது ஆஃபரில் 9,000-க்கு வந்துவிட்டது. என் கையில் அதைப் பார்த்தவர்களெல்லாம் "வாங்கலாமாண்ணே?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வில்லாபுரத்தில் என்னைப் போலவே மைக்செட் வைத்திருக்கும் மச்சான், பணத்தை எடுத்து வைத்துவிட்டே கேட்டார். அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

என்ன மெஷின், எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும், அதை விட்டுவிடுவோம். கூட வந்த தோல் பட்டை ஒரு கோடையைத்தான் தாங்கியது. மதுரை வியர்வைக்குத் தோல் ஆகாது, ஸ்டீல் செயின் மாட்டிக்கொண்டேன். மணி பார்ப்பதும் லேசில்லை. முள்ளும் வெள்ளி நிறம், அதற்குப் பின்னால் ஓடும் சக்கரங்களும் வெள்ளி நிறம். வெயிலில் நின்று பார்த்தால் நிமிட முள்ளைக் கண் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதெல்லாம் போகப் போகப் பழகிவிட்டது. பழகாதது காந்தம் மட்டும்தான்.

எங்கள் தொழிலில் மணி தப்பக் கூடாது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலிருந்தே ஒலி மாசு விதி இருக்கிறது. காதுகுத்தோ, கோயில் கொடையோ, சித்திரைத் திருவிழாத் தண்ணீர்ப் பந்தலோ, 10 தாண்டினால் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து நிற்பார்கள். போனைப் பார்க்கலாமே என்பீர்கள். அது மிக்ஸரோடு வயரில் கிடந்து பாட்டு ஓட்டிக்கொண்டிருக்கும். கை வாட்ச்தான் கதி.

திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு பங்குனிப் பொங்கல். வாட்சில் 10 ஆனதும் ஆம்ப்பை அணைத்தேன். விழாக் கமிட்டிப் பெரியவர் வேகமாக வந்து தன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "என்ன தம்பி, இன்னும் கால் மணி நேரம் கிடக்கு. முழுசாத்தானே காசு பேசினோம்?" அத்தனை பேருக்கு நடுவில் எனக்குப் பேச்சே வரவில்லை. அதுவரை ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு நொடி கூடுதலாக ஓடிய வாட்ச் அது. அந்த அளவு ஓடுவதைக் குறை சொல்ல முடியாது. இந்த விலை வாட்சுகளில் பரவலாக வரும் மெஷின்கள் நாளொன்றுக்கு 20 நொடி பின்தங்கலாம், 40 நொடி முந்தலாம் என்று செய்கிறவர்களே கணக்குக் கொடுக்கிறார்கள். கால் மணி நேரம் எந்தக் கணக்கிலும் சேராது.

மறுநாளே சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் வாட்சைத் திறக்கவில்லை, காதில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. "மெஷினையே மாத்தணும் சார், 4,500 ஆகும். வாரண்டி முடிஞ்சிருச்சு" என்றார். என்ன கோளாறு என்று கேட்டதற்கு, "ஆட்டோமேட்டிக்னா இப்படித்தான் சார்" என்று பதில். நல்ல மெஷினைக் கழற்றி எறியச் சொல்ல அவருக்கு எப்படி மனம் வந்தது என்று இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை போட்டு வாட்ச் பார்க்கும் ஐயா ஒருவர் இருக்கிறார். வாட்சைக் கையில் வாங்கும் முன்பே, "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார். மைக்செட் என்றதும் டிராயரிலிருந்து சின்னத் திசைகாட்டி ஒன்றை எடுத்து வைத்து, வாட்சை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். வடக்கே பார்த்து நின்ற ஊசி வெடுக்கென்று வாட்ச் பக்கம் திரும்பியது. பிறகு தன் கண்ணிலிருந்த லென்ஸைக் கழற்றி என்னிடமே கொடுத்து, பின் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னார்.

பேலன்ஸ் வீல் என்று ஒரு சின்னச் சக்கரம் நொடிக்கு 6 வீதம், மணிக்கு 21,600 தடவை இப்படியும் அப்படியும் ஆடுகிறது. அதை ஆட்டி வைப்பது ஹேர்ஸ்பிரிங். கொசுவர்த்திச் சுருள் மாதிரி இருக்கும், தலைமுடி கனம்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அது சீராக விரிந்து சுருங்க வேண்டும். என் வாட்சில் ஒரு பக்கத்துச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. காந்தம் ஏறினால் அப்படி ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த கணக்காகிவிடும். சக்கரம் படபடவென்று ஆட, வாட்ச் முந்தி ஓடும்.

காந்தத்தை இறக்குவதற்கென்றே உள்ளே கம்பிச் சுருள் வைத்த ஒரு நீலப் பெட்டியை பிளக்கில் சொருகினார். அதன்மேல் வாட்சை வைத்து, பட்டனை அமுக்கியபடியே மெதுவாக ஒரு முழ உயரம் தூக்கி, அப்புறம்தான் பட்டனை விட்டார். மறுபடியும் திசைகாட்டியில் காட்டினார். ஊசி அசையவில்லை. "மில்லு ஓடின காலத்துல மோட்டார் பக்கம் நின்னவங்க எச்.எம்.டி. வாட்சைக் கழட்டிக்கிட்டு இதுக்குத்தான் வருவாங்க" என்றார். கூலி 100 ரூபாய்.

லென்ஸைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமே வரவில்லை. சுற்றுகள் தனித்தனியாகப் பிரிந்து, சமமான இடைவெளியில் விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தன. மூடிய வாட்சாக இருந்தால் இந்தக் கோளாறையும் பார்த்திருக்க மாட்டேன், அது சரியானதையும் பார்த்திருக்க மாட்டேன். நான் கொடுத்த 12,000-க்கு அந்த ஒரு பார்வை போதும். ராத்திரி லோடு இறக்கிவிட்டு வந்து, தூங்கும் முன் பின் கண்ணாடியைப் பார்க்காமல் நான் படுப்பதில்லை.

தொல்லை அதோடு தீரவில்லை. கோன் கிழிந்த 18 இஞ்ச் பேஸ் ஸ்பீக்கரைக் கழற்றினால், மணிக்கட்டு அதன் காந்த வளையத்தை ஒட்டித்தான் போகும். கம்பத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கருக்குக் காந்தம் உள்ள யூனிட்டை மாட்டும்போதும் அதே கதைதான். மறுபடி மறுபடி காந்தம் ஏறியதால் அந்த நீலப் பெட்டியில் ஒன்றை நானே வாங்கிவிட்டேன். மைக்செட் வேலை இல்லாதவர்களும் தப்ப முடியாது: போன் உறையின் மூடி, ஹெட்போன், பெண்கள் கைப்பையின் பூட்டு எல்லாவற்றிலும் காந்தம் இருக்கிறது. விலை கூடிய சில வாட்சுகளில் சிலிக்கான் ஸ்பிரிங் போடுகிறார்கள், அதைக் காந்தம் ஒன்றும் செய்யாது. இந்த விலைக்கு அதைக் கேட்பது நியாயமில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் கூட வந்த புத்தகத்தில் தண்ணீரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், காந்தத்தைப் பற்றி ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா?

மச்சானிடம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். பத்து வருடம் வைத்துக்கொள்ள வேண்டிய பொருளைத் திறந்துகூடப் பார்க்காதவர்களை நம்பி 9,000 ரூபாய் போட வேண்டியதில்லை. நம் வேலைக்கு பேட்டரியில் ஓடும் ஒரு குவார்ட்ஸ் வாட்ச் போதும். காந்தத்துக்குப் பக்கத்தில் அது நின்றாலும், தள்ளிப் போனதும் ஓடிவிடும்; நேரத்தை மட்டும் திருத்திக்கொண்டால் சரி.

"நீ மட்டும் கட்டியிருக்க மாப்ள" என்று அவர் விடவில்லை. வாங்கியே தீருவதென்றால் கூடவே ஒரு திசைகாட்டியும் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். ஸ்பீக்கரில் கை வைக்கும் முன் வாட்சைக் கழற்றிவிட வேண்டும். கழற்றியதைச் சட்டைப் பையில் மட்டும் போடக் கூடாது, அங்கே போன் கிடக்கும்.