ஊட்டி மலை ரயில்: 7.10 வண்டி போய்விட்டால் குன்னூரில் ஏறுங்கள்

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும் நீராவி ரயிலில் ஊட்டி போகத்தான் புறப்பட்டோம். அதில் ஏறவே இல்லை. ஏறியது குன்னூரிலிருந்து ஊட்டி போகும் மதிய ரயில். பாதி வழிதான், நீராவி எஞ்சினும் கிடையாது. ஆனால் திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகியும் நாங்கள் நான்கு பேரும் சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் பேச்சுதான் ஓடுகிறது. எங்களைப் போல வண்டியை விட்டுவிட்டு நிற்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் திண்டுக்கல்லில் நர்ஸ் வேலை பார்க்கிறோம், ஒரே ஹாஸ்டல். ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டியூட்டி சார்ட்டைப் பார்த்தால், மறுநாள் நான்கு பேருக்கும் ஆஃப். வியாழக்கிழமையும் மதிய ஷிஃப்ட்தான். ஒன்றரை வருஷத்தில் ஒருமுறைகூட இப்படி அமைந்ததில்லை. எங்களில் மூத்த அக்கா, "தலைக்கு ஆயிரம் ரூபாய். அதுக்கு மேல ஒரு பைசா கூடாது. வர்றவங்க பையை எடுங்கடி" என்றார். வார்டனிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரவு 11 மணிக்குக் கோயம்புத்தூர் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் ஏறிவிட்டோம். மூன்று மணிக்குக் கோவை, நாலரைக்கு மேட்டுப்பாளையம், அன்ரிசர்வ்டு டிக்கெட் வரிசையில் முதல் ஆளாக நிற்பது. இதுதான் திட்டம்.

தாராபுரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டமார் என்று ஒரு சத்தம். பின்பக்க டயர் வெடித்திருந்தது. எல்லோரும் இறங்கினோம். டிரைவரும் கண்டக்டரும் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டெப்னியை உருட்டி வந்து மாட்டிய பிறகுதான் தெரிந்தது, அதில் காற்றே இல்லை. போன் போட்டு, வேறு பஸ் வரும் என்றார்கள். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குக் கோபம் அதில்தான். டயர் வெடிப்பது யார் கையிலும் இல்லை. ஆனால் கிளம்பும்போது ஸ்டெப்னியைத் தட்டிப் பார்க்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது. இரவு நேரத்தில் பெண்களும் குழந்தைகளும் வரும் வண்டி அது.

நின்ற இடத்தைச் சுற்றிக் காற்றாலைகள். ஆடிக் காற்று சேலை முந்தானையைப் பிடுங்குகிறது. இருட்டில் இறக்கைகள் தெரியவில்லை, உச்சியில் சிவப்பு விளக்குகள் மட்டும் அணைந்து அணைந்து எரிந்தன. எங்களோடு வந்த ஒரு பாட்டி தன் சாக்குப்பையை விரித்து எங்களை நடுவில் உட்கார வைத்துக்கொண்டார். "பொம்பளைப் பிள்ளைங்க ரோட்டு ஓரம் நிக்காதீங்க சாமி" என்றார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே போனது. மாற்று பஸ் வந்து சிங்காநல்லூரில் இறக்கிவிட்டபோது மணி ஐந்தேகால். அங்கிருந்து காந்திபுரம் டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பட்ஜெட் பிழைத்தது. பிறகு மேட்டுப்பாளையம் ரோடு புது பஸ் ஸ்டாண்டில் அடுத்த பஸ். மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்குள் நாங்கள் ஓடி நுழைந்தது 7.25-க்கு. பிளாட்பாரத்தில் ஒருவர் கூட்டிக்கொண்டிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும், "போயிடுச்சும்மா" என்று அவரே சொல்லிவிட்டார். எங்களில் சின்னவள் அழுதேவிட்டாள். அவள் ரயிலிலேயே மூன்று தடவைதான் போயிருக்கிறாள்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் இட்லி சாப்பிட்டதும் கொஞ்சம் தெம்பு வந்தது. கடைக்காரரிடம் கதையைச் சொன்னோம். "குன்னூர் போங்க. ஊட்டிக்கு அங்கிருந்து தனி ரயில் இருக்கு" என்றார். சரி என்று அரசு பஸ்ஸில் ஏறினோம். காரில் போகிறவர்கள் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், அரசு பஸ் பயணிகளுக்கு அந்த வேலை இல்லை. ஆனால் பிளாஸ்டிக் பாட்டிலை மறந்துவிடுங்கள். சோதனையில் எங்களிடமிருந்த நான்கு தண்ணீர் பாட்டில்களும் போயின. அவர்கள் செய்தது சரிதான், காட்டுப் பாதை அது. வீட்டிலிருந்து ஸ்டீல் பாட்டில் கொண்டுபோவதே நல்லது. பர்லியாரில் பழக்கடைகளில் மங்குஸ்தான் குவித்திருந்தார்கள். அக்கா விலையைக் கேட்டுவிட்டு மூடிய பர்ஸைத் திறக்கவில்லை.

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் நடக்கும் தூரம்தான். பத்தேகாலுக்குப் பிளாட்பாரத்தில் நின்றோம். அப்புறம் நடந்ததை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. நாங்கள் விட்டுவிட்ட அதே வண்டி, மலையேறி எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது! முதலில் வந்தது நீலமும் கிரீமும் பூசிய பெட்டி. அதன் முகப்பில் கொடியோடு ஒரு பிரேக்ஸ்மேன் நின்றார். எஞ்சின் கடைசியில்தான் வந்தது. இந்த ரயிலில் எஞ்சின் இழுப்பதில்லை, கீழேயிருந்து தள்ளுகிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டம் ஓடுகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் ஏறும். 12 அடி முன்னால் போனால் ஒரு அடி உயரம். அப்படியொரு ஏற்றம்.

வண்டி நின்றதும் சின்னவளை இழுத்துக்கொண்டு எஞ்சின் பக்கம் போனேன். ஆஸ்பத்திரியில் கருவிகளை நீராவியில் சுத்தப்படுத்தும் ஆட்டோகிளேவின் மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே ஒரு சூடு, அதே சூடு, அதோடு எண்ணெய் வாசனை. அடியில் வெந்நீர் சொட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் பெருமூச்சு விட்டு, நின்று, மறுபடி விட்டது. மூச்சு வாங்கும் நோயாளியைப் பார்ப்பதுபோல என் கண் தானாக அந்த இடைவெளியை எண்ணத் தொடங்கிவிட்டது. 1899-இல் குன்னூர் வரைக்கும் போட்ட பாதை, 1908-இல்தான் ஊட்டியைத் தொட்டது, 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது என்று போனில் படித்தபடியே வந்திருந்தேன். அந்தச் சூடு முகத்தில் பட்ட பிறகுதான் அதெல்லாம் எனக்கு விளங்கியது. கொஞ்ச நேரத்தில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டினார்கள். சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்ஃபி எடுத்தாள்.

எங்கள் ரயில் மதியம் பன்னிரண்டரை வாக்கில். இடைப்பட்ட நேரத்தில் கடைவீதியில் டீயும் வர்க்கி பிஸ்கட்டும். வர்க்கியை டீயில் முக்கினால் அடுக்கடுக்காகப் பிரிந்து கரைகிறது, சட்டென்று வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். திரும்பி வந்து டிக்கெட் எடுத்தோம். நான்கு டிக்கெட் எடுத்தும் பட்ஜெட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை. எங்கள் பெட்டியில் கழிப்பறை இல்லை, அதனால் ஸ்டேஷனிலேயே போய்விட்டு ஏறுங்கள். எதிரெதிர் பெஞ்சுகள், முழங்கால் முட்டும்.

வண்டி கிளம்பியதும் கொஞ்ச தூரம் வந்த திசையிலேயே பின்னால் போய், பிறகுதான் ஊட்டிப் பக்கம் ஏறத் தொடங்குகிறது. இந்தப் பகுதியில் பல் சட்டம் இல்லை, 25 அடிக்கு ஒரு அடிதான் ஏற்றம். அதனால் தடதடப்பு குறைவு, பேசினால் கேட்கிறது. வெலிங்டன், வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கும் அரவங்காடு, அப்புறம் கேத்தி. கேத்தியில்தான் எங்கள் பேச்சு நின்றது. பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. அது ஒரு பக்கம் விலகினால் படிப்படியாகக் காய்கறித் தோட்டங்கள், ஓடு வேய்ந்த வீடுகள், கேரட் பிடுங்கும் பெண்கள். மறுபடி மூடிக்கொள்கிறது. நாங்கள் வேலை பார்க்கும் ஐசியூவில் ஜன்னலே கிடையாது. இரவா பகலா என்று கடிகாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். அக்கா கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்தபடி இருந்தார். பன்னிரண்டு வருஷமாக நைட் டியூட்டி பார்க்கிறவர். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. லவ்டேல் தாண்டியதும் குளிர ஆரம்பித்தது, எங்களிடம் ஒரே ஒரு ஸ்வெட்டர்தான். முறை வைத்துப் போட்டுக்கொண்டோம். ஒன்றேகால் மணி நேரம், ஊட்டி வந்துவிட்டது. ஊட்டியில் சாப்பிட்டோம், சும்மா நடந்தோம், ஐந்து மணி பஸ்ஸுக்கு இறங்கிவிட்டோம். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

முழுப் பாதையும் போக முடிந்தால் அதுதான் முதல் தேர்வு. குன்னூருக்குக் கீழே இருக்கும் காடும் ரயில் நுழைந்து போகும் சுரங்கப் பாதைகளும் மேலே அந்த அளவுக்குக் கிடைக்காது. ஆனால் அன்ரிசர்வ்டு இடம் மிகவும் குறைவு, திடீரென்று கிளம்புகிறவர்கள் அதை நம்பிப் போகாதீர்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் மண் சரிந்தால் கீழ்ப்பாதைதான் முதலில் நிற்கும். அப்போதும் குன்னூர் ஊட்டி ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஓடும். கைக்காசு குறைவு, நேரம் குறைவு, உடம்பு அசதி என்றால் நேராகக் குன்னூருக்கே போகலாம். பத்தரைக்கு முன்னால் பிளாட்பாரத்தில் நில்லுங்கள், நீராவி எஞ்சினையும் பார்த்துவிடலாம்.

எங்களுக்குத் தலைக்கு 940 ரூபாய் ஆனது. மிச்சமான 240 ரூபாயை அக்கா ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறார். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. தை மாதத்தில் ஒரு நாள் நான்கு பேருக்கும் ஒன்றாக ஆஃப் வேண்டும் என்று சார்ட் போடும் மேடத்திடம் இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டோம்.