விட்ஸின் முன் பஃபரை வீட்டிலேயே கழற்றி ஹெட்லைட் மாற்றிய அனுபவம்

எங்கள் கார் கேஎஸ்பி90 வகை டொயோட்டா விட்ஸ். 2005 முதல் 2010 வரை ஜப்பானில் விற்ற உருவம். மூன்று சிலிண்டர், 996 சிசி, பெற்றோல் அதிகம் கேட்காத வண்டி. அதன் இரண்டு ஹெட்லைட்டையும் திருகோணமலை உவர்மலையில் வீட்டு முற்றத்தில் வைத்தே மாற்றினேன். மாற்றி வருடங்கள் ஆகிவிட்டன. மாரி மழையும் கச்சான் காற்றும் அதன்மேல் மாறி மாறி அடித்து முடிந்த பிறகு எழுதுகிறேன். வேலை முடிந்த கையோடு எழுதியிருந்தால் பஃபரை, அதாவது பம்பரை, எப்படிக் கழற்றுவது என்பதைத்தான் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். இப்போது யோசித்தால் அதுதான் இருந்ததிலேயே லேசான பகுதி. பஃபருக்குப் பின்னால் உப்பு செய்து வைத்திருந்த வேலையும், திரும்பப் பூட்டிய பிறகு வெளிச்சம் போய் விழுந்த இடமும்தான் எழுத வேண்டிய விஷயங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல்ப் மட்டும் எரிந்துபோயிருந்தால் பஃபரில் கை வைக்கவே தேவையில்லை. பொனட்டைத் திறந்து, விளக்கின் பின்பக்கத்துப் பிளக்கை இழுத்து, ரப்பர் மூடியை உரித்து, கம்பிக் கொக்கியை விடுவித்தால் எச்4 பல்ப் கையோடு வந்துவிடும். கண்ணாடியில் விரல் படாமல் புதியதைப் போட்டால் முடிந்தது. விளக்குக் கூட்டையே முழுதாக மாற்றுகிறவர்களுக்குத்தான் பஃபர் குறுக்கே நிற்கும். கூட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் சில பஃபரின் விளிம்புக்குள் ஒளிந்திருக்கின்றன.

கூட்டையே ஏன் மாற்ற வேண்டும்? விளக்கின் முன்பக்கம் கண்ணாடி இல்லை, பொலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலின் புறஊதாக் கதிர் தாங்க அதன்மேல் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். அந்தப் பூச்சு போனதும் மஞ்சள் ஏறுகிறது. எங்கள் ஊர் வெயில் போதாதென்று, கச்சான் காலத்தில் பறக்கிற மணலும் சேர்ந்து உரசுகிறது. கராஜில் 800, 1500, 2000 என்று மண்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தந்தார்கள். உண்மையாகவே வடிவாக இருந்தது. ஆனால் தேய்க்கும்போது மிச்சமிருந்த பூச்சும் போய்விடுகிறது. மேலே புதிதாகப் புறஊதாப் பூச்சு அடிக்காவிட்டால் சில மாதத்திலேயே பழைய நிறத்துக்கே வந்துவிடும், வந்தது. பற்பசை வைத்தியமும் சில நாள் கூத்துத்தான். நுளம்பு மருந்தைப் பூசித் துடைக்கச் சொல்கிறவர்களை மட்டும் கேட்காதீர்கள். அந்த மருந்து பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே கரைக்கிறது. முதலில் மினுங்கும், பிறகு நுண்ணிய வெடிப்பு விழும்.

பகலில் ஊருக்குள் ஓடுகிறவர்களுக்கு இது அழகுப் பிரச்சினை. இரவில் ஹபரணையிலிருந்து கந்தளாய் வழியாக ஏ6 வீதியில் வருகிறவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. வீதியில் நிற்கிற யானையின் தோல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. மஞ்சள் விளக்கில் அது தெரியும்போது பிரேக்குக்கு நேரம் இருக்காது. ஊருக்குள் வந்தாலும் கட்டாக்காலி மாடுகள், கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கி வீதி கடக்கிற மான்கள். காரையே மாற்றலாம் என்றால், 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் நாடு முழுக்கப் பழைய கார்களைத்தான் திருத்தித் திருத்தி ஓடினோம். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு பாவித்த சாமானின் விலையும் மேலே போய்விட்டது. மாதத்துக்கு மாதம் மாறுவதால் தொகை எழுதவில்லை.

விளக்குகள் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கியவை. ஜப்பானில் கழற்றிக் கொண்டுவந்த பாவித்த சோடி. புதிய மாற்று உற்பத்திகளும் கிடைக்கின்றன. ஆனால் நான் பார்த்தவற்றில் கூட்டின் ஓரம் பொனட்டின் கோட்டோடு சரியாக ஒட்டி நிற்கவில்லை. மூல உற்பத்தி என்றால் லென்ஸின் ஓரத்தில் கொய்ட்டோ, ஸ்டான்லி, இச்சிக்கோ என்று ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் பெயர் பொறித்திருக்கும், பக்கத்தில் இலக்கமும் இருக்கும். இடது வலது இரண்டிலும் அந்த இலக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம் அது எந்த நாட்டு விளக்கு என்பது. நாங்கள் இடப்பக்கம் ஓடுகிறோம், ஜப்பானும் அப்படித்தான். அதனால் தாழ்ந்த வெளிச்சத்தின் மேல்விளிம்பு இடது ஓரத்தில் சற்று உயர்ந்து நடைபாதையைக் காட்டும், வலப்பக்கம் தட்டையாக நின்று எதிரே வருகிறவரின் கண்ணைத் தப்பவிடும். இதே கார் யாரிஸ் என்ற பெயரில் வலப்பக்கம் ஓடுகிற நாடுகளிலும் விற்றது. அந்த விளக்கு தோற்றத்தில் இதற்கு அப்படியே பொருந்தும், ஆனால் வெளிச்சம் தலைகீழாக விழும். மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட்டால் எதிரே வருகிற ஒவ்வொருவரும் டிம் அடித்துத் திட்டிக்கொண்டு போவார்கள்.

கடையில் லென்ஸின் மினுக்கத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். கூட்டைத் திருப்பி, போல்ட் பூட்டுகிற காதுகளைப் பாருங்கள். மோதிய கார்களிலிருந்து வருகிறவற்றில் காது உடைந்து, பசையால் ஒட்டியிருப்பது சாதாரணம். பின்பக்க ரப்பர் மூடி வெடித்திருக்கிறதா, உயர்த்தித் தாழ்த்தும் சின்ன மோட்டர் கூடவே இருக்கிறதா என்பதும் கேட்க வேண்டியவை.

இனி கழற்றும் வேலை. பற்றரியின் மறை (–) முனையைக் கழற்றிவிட்டு 90 விநாடியாவது பொறுத்திருக்க வேண்டும். எயார்பேக் தொகுதியின் மின்சேமிப்பு இறங்க டொயோட்டா சொல்லும் நேரம் அது. முன்பக்கத்தில் மோதல் உணரிகள் இருப்பதால் இதை விளையாட்டாக எடுக்கவேண்டாம். பிறகு பொனட்டுக்குக் கீழே மேல்விளிம்பில் உள்ள பிளாஸ்டிக் கிளிப்புகள், இரு சக்கர வளைவுகளிலும் உள்ள திருகுகள், அடியில் உள்ள கிளிப்புகளும் 10 மில்லிமீற்றர் போல்ட்டுகளும். சக்கரத்தைத் திருப்பி வைத்தால் வளைவுக்குள் கை போகும், டயரைக் கழற்ற வேண்டியதில்லை. மேல் கிளிப்புகள் நடுவில் உள்ள குமிழைக் கிளப்பினால் வந்துவிடும். வருடக்கணக்கில் எஞ்சின் சூட்டில் வெந்தவை என்பதால் சில கையிலேயே பொடியாகும். அதற்கு வருத்தப்படாமல் ஒரு பை புதிய கிளிப் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

சக்கர வளைவுத் திருகு வேறு கதை. உள்ளூர்ப் பாஸ்மார் (கராஜ் திருத்துநர்கள்) பஃபர் கழற்றத் தயங்குவதே அதற்குப் பயந்துதான். கடலோரத்துக் காரில் அது திருகாக இருப்பதில்லை, துருக்கட்டியாக இருக்கிறது. முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டேன். அப்படியும் வலப்பக்கத்துத் திருகின் தலை தேய்ந்து, இடுக்கியால் கடித்துத்தான் வந்தது. அவசரப்பட்டு இழுத்தால் ஃபெண்டரின் விளிம்பு வளைந்துவிடும், பிறகு தகட்டைத் தட்டி நிமிர்த்தும் டிங்கரிங்தான்.

எல்லாம் கழன்ற பிறகும் பஃபர் தானாக விழாது. இரண்டு மூலையிலும் பக்கவாட்டுப் பிடியில் கொளுவி நிற்கும். ஃபெண்டர் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, மூலையை வெளிப்பக்கமாக இழுத்தால் டக் டக் என்று விடும். இந்த இடத்துக்கு இரண்டாவது ஆள் கட்டாயம் வேண்டும். மனைவியின் தம்பி மறுமுனையில் நின்று, "அத்தான், உடைஞ்சா நான் பொறுப்பில்லை" என்று முன்கூட்டியே கையைக் கழுவிக்கொண்டுதான் இழுத்தார். உடையவில்லை. ஃபொக் லைட் உள்ளவர்கள் முழுதாக இழுக்கும் முன்னர் அதன் பிளக்கைக் கழற்ற நினைவு வைத்திருங்கள்.

பஃபர் போனதும் காரின் முகம் பரிதாபமாக இருந்தது. உள்ளே காய்ந்த இலை, மணல், ஒரு பழைய குளவிக்கூடு. அவற்றைத் தட்டினால், கீழே ரேடியேட்டரைத் தாங்குகிற குறுக்குச் சட்டம் பொருக்குப் பொருக்காக உரிந்தது. ஹோர்ன் பூட்டியிருந்த தகடு பாதி தின்னப்பட்டிருந்தது. வெளியில் ஒரு கீறல்கூட இல்லாத கார் அது. சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருந்த துளைகளை மணல் அடைத்திருந்தது. உப்புக்காற்றில் வருகிற ஈரம் அங்கேயே தேங்கி நின்று வேலை பார்த்திருக்கிறது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடற்கரையோரம் கார் நிறுத்துகிறவர்களுக்கு இது இன்னும் மோசமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

விளக்கு வேலையை அப்படியே விட்டுவிட்டு அதில் இறங்கினேன். கம்பித் தூரிகையால் சுரண்டி, நன்னீரால் கழுவி, வெயிலில் காயவைத்து, துருவைக் கறுப்பாக மாற்றும் திரவம் பூசி, அது காய்ந்ததும் சிங்க் பிரைமரும் கறுப்புப் பெயிண்டும். துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்தேன். ஏசி கொண்டென்சரின் இதழ்களில் படிந்திருந்த உப்பையும் மணலையும் மெதுவான தண்ணீரால் கழுவினேன். அழுத்தக் குழாயால் அடித்தால் இதழ்கள் மடிந்துவிடும். ஒரு நாள் வேலை இரண்டு நாளாக நீண்டது, ஆனால் அந்த இரண்டாம் நாள்தான் இந்தக் காருக்கு நான் செய்த நல்ல காரியம். கராஜில் கொடுத்திருந்தால் விளக்கை மாற்றி மாலைக்குள் சாவியைத் தந்திருப்பார்கள். உள்ளே இருந்ததை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அது அவர்களிடம் கேட்ட வேலையும் இல்லை.

விளக்கைப் பூட்டுவதில் சொல்ல அதிகம் இல்லை. போல்ட்டுகளை முதலில் அரைவாசி மட்டும் இறுக்கி, பொனட்டை மெதுவாக மூடி இடைவெளி பார்த்து, பிறகு முழுதாக இறுக்க வேண்டும். பஃபரை மாட்டும் முன்னர் பற்றரியைக் கொடுத்து டிம், பிரைட், சிக்னல், பார்க் எல்லாம் எரிகிறதா என்று பார்ப்பது நல்லது. திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு திருகுக்கும் கொஞ்சம் கிறீஸ் தடவினேன். வளைவுத் திருகுகளுக்குத் துருப்பிடிக்காத உருக்கில் புதியவை.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். வெளிச்சத்தின் உயரத்தைச் சரிபார்க்காமல் வீதிக்கு இறங்கக்கூடாது. வேறு காரிலிருந்து வந்த விளக்கு அந்தக் காரின் அளவுக்குத் திருகியிருக்கும். சமதரையில், டயரில் சரியான காற்றோடு, ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருக்க, உள்ளே விளக்கை உயர்த்தித் தாழ்த்தும் டயலைப் பூச்சியத்தில் வைத்து, மதிலிலிருந்து 10 மீற்றர் தள்ளி நிறுத்தினேன். விளக்கின் நடு உயரத்தை மதிலில் சோக்கால் குறித்து, அதற்கு 10 சென்ரிமீற்றர் கீழே இன்னொரு கோடு. தாழ்ந்த வெளிச்சத்தின் தட்டையான விளிம்பு அந்தக் கீழ்க்கோட்டில் நிற்க வேண்டும். என்னுடையதில் இடது விளக்கு மேல்கோட்டையும் தாண்டி மதிலுக்கு மேலே இருந்த மாமரத்தைக் காட்டியது. விளக்கின் பின்னால் உள்ள பற்சக்கரத்தை நட்சத்திரத் திருப்புளியால் திருப்பித் திருப்பி இறக்கினேன். இதற்கு நேரம் எடுக்கும், பொறுமையும் வேண்டும்.

இன்றைய நிலைமை இது. லென்ஸ் தெளிவாக இருக்கிறது, மேல்விளிம்பில் மட்டும் லேசான மங்கல் தொடங்கியிருக்கிறது. சில மாதத்துக்கு ஒருமுறை புறஊதாத் தடுப்புள்ள மெழுகு பூசுகிறேன், முடிந்தவரை நிழலில் நிறுத்துகிறேன். வலது விளக்கில் மாரிக்கு ஆவி படிகிறது. விளக்கு எரிந்து கொஞ்ச நேரத்தில் அது மறைந்துவிடுவதால் பயப்படவில்லை. கூட்டுக்கு மூச்சுத் துளை உண்டு, எல்லா விளக்கும் கொஞ்சம் வியர்க்கும். அடியில் தண்ணீர் தேங்கி நின்றால்தான் பிரச்சினை. ரப்பர் மூடியை மாற்றிய பிறகு ஆவியும் குறைந்துவிட்டது.

பல்ப் சாதாரண 60/55 வாட் ஹலோஜன்தான். அயல்வீட்டுத் தம்பி தன் காருக்கு எல்இடி போட்டார். வெள்ளை வெளேரென்று முன்னால் எரிகிறது, ஆனால் கந்தளாய் வீதியில் தூரம் தெரியவில்லை என்று அவரே சொல்கிறார். எச்4 பல்புக்குள் இரண்டு இழை, தாழ்ந்த இழைக்குக் கீழே ஒரு சின்னத் தகட்டு மறைப்பு. கூட்டின் உட்கண்ணாடி அந்த இடத்தை மனதில் வைத்துத்தான் வளைந்திருக்கிறது. வெளிச்சம் பிறக்கும் இடம் கொஞ்சம் தள்ளினாலும் விளிம்பு குழம்பி எதிரே வருகிறவரின் கண்ணில் ஏறும்.

இடையில் ஹோர்ன் கம்மியதால் பஃபரை மறுபடி கழற்ற வேண்டி வந்தது. கிறீஸ் தடவிய திருகுகள் எல்லாம் கையோடு வந்தன. பெயிண்ட் அடித்த சட்டத்தில் ஒரு மூலையில் மட்டும் துரு எட்டிப் பார்த்தது, சுரண்டித் திரும்பப் பூசினேன். மலிவாக வாங்கிய கிளிப்புகளில் பல உடைந்திருந்தன. மூலக் கிளிப் விலை கூட, ஆனாலும் அடுத்த முறை அதைத்தான் வாங்குவேன்.

இறக்குமதி திறந்த பிறகு வருகிற புதிய கார்கள் பலவற்றில் முன்முகத்தில் ரேடாரும் உணரிகளும் உண்டு. அவற்றின் பஃபரைக் கழற்றினால் அளவுத்திருத்தம் தேவைப்படலாம், அந்தக் காரர்கள் முகவரிடம் கேட்காமல் திருப்புளி எடுக்க வேண்டாம். விட்ஸ், பழைய வேகன் ஆர் போன்றவை வைத்திருக்கிறவர்கள் மாரி தொடங்கும் முன்னர், ஒரு துணையாளோடு தாராளமாக இறங்கலாம். கிளிப் வாங்கப் போகும்போது பழையதில் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். துளையின் அளவு 7, 8 மில்லிமீற்றர் என்று மாறுபடும், கண்ணால் பார்த்துத் தெரியாது.