ஆங்கிலத்தில் திருத்தம் சொல்ல: மெயிலா, நேரிலா?

சக ஊழியரின் வேலையில் ஒரு குறை. அதை ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும். எந்த வழி நல்லது?

அவகாசம்: மெயிலில் சொல்லைத் தேடி, மாற்றி எழுதலாம். நேரில் அந்த நொடியில் வாயில் வருவதுதான்.

தொனி: இங்கேதான் மெயில் சறுக்கும். ‘யூ டிட் நாட் செக் திஸ்’ என்று எழுதினால் குற்றச்சாட்டாகவே படும். ‘குட் வீ செக் திஸ் அகெய்ன்?’ என்றால் வேண்டுகோள். நேரில் அந்தக் குற்றச்சாட்டு வாக்கியமே வந்துவிட்டாலும் முகமும் குரலும் ஓரளவு காப்பாற்றும்.

விட்டுக்கொடுத்தல்: ‘வாட் இஃப் வீ’ (நாம் இப்படிச் செய்தால் என்ன) என்று தொடங்கி நேரில் சட்டென்று முடிப்பது, மெயிலில் நாள்கணக்கில் இழுக்கும்.

பதிவு: பேசியது எழுத்தில் நிற்க வேண்டும் என்றால் மெயில்தான்.

தேதி, எண், எழுத்துப்பிழை என்றால் மெயில் போதும். மனம் நோகக்கூடியது, இருவரும் இறங்கிவர வேண்டியது என்றால் தயங்காமல் நேரில் பேசுங்கள். அப்புறம் முடிவை மட்டும் இரண்டு வரியில் மெயில் போடுங்கள்.