சோழகக் காற்றில் வாஸ்ப்

தேவனாம்பட்டினத்தில் கட்டுமரம் தள்ளி வளர்ந்தவன் நான். நண்பர் வாங்கிய வாஸ்ப் என்ற பாய்ப்படகைப் புதுச்சேரிக் கடலில் நாலு மாலை ஓட்டிப் பார்த்தேன். வேகம் பிடித்ததும், அடியில் இருக்கும் இறக்கைகள் படகையே தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். 3.35 மீட்டர் நீளம், ஒரே ஆளுக்கானது.

மிதக்கும்போது கண்றாவி. குறுகலான உடல், இரண்டு பக்கமும் உருளும். முதல் நாள் ஓட்டியதைவிட விழுந்ததுதான் அதிகம். அப்புறம் நல்ல சோழகம், அதாவது தென்காற்று, அடித்தது. பாயை இழுத்துப் பிடித்தேன். அலை தட்டும் சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால் படகு தண்ணீருக்கு மேலே. கத்தி போன்ற இறக்கைகள் மட்டும் உள்ளே. வயிற்றில் ஜிவ்வென்றது.

உயரத்தை ஒரு குச்சி பார்த்துக்கொள்கிறது. முன்மூக்கிலிருந்து தண்ணீரைத் தடவியபடி வரும். படகு அதிகம் ஏறினால் முன் இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடலைத் திருப்பி இறக்கிவிடும். மற்றதெல்லாம் நம் பாடு. சுக்கானை வெடுக்கென்று திருப்பினால் மூக்கு குத்தும். படகையே காற்று வரும் பக்கம் சாய்த்து ஓட்டவேண்டும். கட்டுமரக்காரனுக்கு இது தலைகீழ்ப் பாடம்!

இறக்கைகளை மேலே தூக்கிக்கொள்ள முடிவதால் கரையிலிருந்து கிளம்புவது பரவாயில்லை. ஆனால் வலை போட்ட இடத்தில் போனால் தொலைந்தோம். மூன்றாம் நாள் மிதவைக் கயிறு மாட்டி, தூக்கி எறியப்பட்டேன். "ஏன்டா, பறக்கிறதுக்கு வேற எடம் கெடைக்கலையா?" என்று சித்தப்பா திட்டினார். தலைக்கவசம் இல்லாமல் ஏறாதீர்கள்.