எலித்தோலில் கட்டித் தடுப்பு: குர்குமினா, ரெஸ்வெரட்ராலா?

மஞ்சளில் உள்ள குர்குமின், திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால், இரண்டுக்கும் சோதனைக்களம் ஒன்றுதான். முதுகு மயிர் மழித்த சி.டி.-1 என்ற ஆய்வக இனப் பெண் சுண்டெலிகளுக்கு ஒருமுறை, புற்றைத் தொடக்கிவைக்கும் டி.எம்.பி.ஏ. (DMBA); பிறகு வாரம் இருமுறை, கட்டி வளரத் தூண்டும் டி.பி.ஏ. (TPA) 5 நானோமோல், அதோடு சோதிக்கும் பொருள்.

1988-இல் வெளியான ஆய்வில் 1, 3, 10 மைக்ரோமோல் குர்குமின், எலி ஒன்றுக்கான கட்டிகளை 39, 77, 98 சதவீதம் குறைத்தது, 20 வாரம். அளவு கூடக் கூடப் பலனும் ஏறுகிறது. 1997-இல் ரெஸ்வெரட்ரால் 1, 5, 10, 25 மைக்ரோமோலில் 68, 81, 76, 98 சதவீதம்; 18 வாரம். குறைந்த அளவில் இதன் கை ஓங்குகிறது, நடுவில் ஏற்றம் தேங்குகிறது. வெவ்வேறு ஆய்வு என்பதால் எண்களை நேருக்கு நேர் மோதவிட முடியாது. ஒரு பூச்சின் எடையில் பார்த்தால் 98 சதவீதத்துக்குக் குர்குமின் சுமார் 3.7 மில்லிகிராம், மற்றது 5.7.

கையாளும்போதுதான் வம்பு. குர்குமினை அசிட்டோனில் கரையுங்கள். நடுநிலை நீர்க்கரைசலில் சீக்கிரம் சிதையும். தோல் மஞ்சளாகிவிடுவதால், கட்டி எண்ணுபவருக்கு எந்தக் குழு என்பது தெரிந்துபோகும். கடைச்சரக்கில் அதன் உறவுச் சேர்மங்களும் கலந்திருக்கும், தூய்மை பார்த்து எடைபோடவும். ரெஸ்வெரட்ரால் நிறமற்றது, ஆனால் வெளிச்சம் பட்டால் அதன் மூலக்கூறு டிரான்ஸ் வடிவத்திலிருந்து சிஸ் என்ற வேறு வடிவத்துக்கு மாறும். பழுப்புக் குப்பி கட்டாயம்.

டி.பி.ஏ.வுக்குப் பதில் புறஊதா-பி கதிரால் தோலைத் தாக்கும் சோதனை என்றால் இன்னொரு சிக்கல்: ரெஸ்வெரட்ரால் 306 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சும். முன்பே பூசினால் வெறும் திரையாகவே காக்கலாம். கதிர் பாய்ச்சிய பிறகு பூசுங்கள்.