நாய்களுக்கான மெல்லும் பொம்மைகள்: புதுச்சேரிக் கடைகளில் எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

புதுச்சேரியில் நாய்ப் பொருள்கள் விற்கும் கடைகளில் மெல்லும் பொம்மை கேட்டால், பெரும்பாலும் முதலில் எடுத்து நீட்டப்படுவது உடையாத ஒன்றாகத்தான் இருக்கிறது. ‘எவ்வளவு கடித்தாலும் இதற்கு ஒன்றும் ஆகாது’ என்பதே அதற்குச் சொல்லப்படும் பெருமை. கொடுத்த காசு வீணாகக் கூடாது என்று நினைக்கும் நமக்கும் அந்தப் பேச்சு பிடித்துவிடுகிறது. ஆனால் பொம்மைக்கு ஒன்றும் ஆகாதென்றால் கடியின் விசை முழுவதையும் நாயின் பல்தான் தாங்கியாக வேண்டும். ஆகவே இங்கே கிடைக்கும் பொம்மைகளை நான் மதிப்பிட்டது ஒரே அளவுகோலில்தான்: பல்லுக்கு முன் பொம்மை வளைந்துகொடுக்க வேண்டும், வளைந்தாலும் விழுங்கும்படி துண்டாகக் கூடாது.

எங்கள் வீட்டில் நன்கு வளர்ந்த லாப்ரடார் ஒன்றும், தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாய்க்குட்டி ஒன்றும் இருக்கின்றன. குட்டிக்கு இப்போது பல் விழுந்து முளைக்கும் பருவம். நாய்களுக்குப் பால் பற்கள் 28. மூன்று, நான்கு மாத வயதில் அவை விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 நிலையான பற்கள் வந்துவிடுகின்றன. அந்த மாதங்களில் ஈறு ஊறுவதால் குட்டி எதையாவது கடித்தே தீரும். செருப்பையும் நாற்காலிக் காலையும் காப்பாற்ற வேண்டுமானால் கடிப்பதற்கென்று ஒன்றைக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பெரிய நாய்க்கும் மெல்லுவது தேவைதான். பொழுது போகாத நாய்க்கு அது பெரிய ஆறுதல்.

கெட்டியான நைலான் எலும்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாய் எதையும் பலமாகக் கடிப்பது பக்கவாட்டில் இருக்கும் பெரிய பல்லால். மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப் பல் அது. அளவுக்கு மீறிக் கெட்டியான பொருளைக் கடிக்கும்போது அந்தப் பல்லின் வெளிப்புறம் ஒரு சில்லாகப் பெயர்ந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் கூழ் வெளிப்பட்டால் வலியும் சீழும் தொடரும். வேர்ச் சிகிச்சை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பல்லைப் பிடுங்க வேண்டும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் உறவினர் வீட்டு நாய் ஒன்றுக்கு இப்படித்தான் ஒரு நைலான் எலும்பால் பல் போயிற்று. அது வலியை வெளிக்காட்டவே இல்லை. ஒரு பக்கமாக மட்டும் தின்னத் தொடங்கிய பிறகுதான் வீட்டார் வாயைத் திறந்து பார்த்தார்கள்.

இதைக் கடையிலேயே கண்டுகொள்ளலாம். பொம்மையின் மேல் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகம் சற்றும் பதியாவிட்டால் அது நாயின் பல்லுக்கு ஆகாது. இந்தச் சோதனையில் நைலான் எலும்போடு மாட்டுக் குளம்பு, மான் கொம்பு, யாக் பாலிலும் பசும்பாலிலும் செய்து இமயமலைப் பகுதியிலிருந்து வரும் சுர்ப்பிக் கட்டி ஆகியவையும் தோற்றுப்போகின்றன. சுர்ப்பி பால் பொருள் என்பதால் நல்லது என்று பலர் வாங்குகிறார்கள். வயிற்றுக்கு அது நல்லதாக இருக்கலாம், பல்லுக்கு அது கல்தான். நம் நாட்டு மான்களின் கொம்பை விற்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வேகவைத்த எலும்பும், பதப்படுத்திப் பொட்டலத்தில் விற்கும் எலும்பும் இன்னும் ஆபத்தானவை, ஏனென்றால் வெந்த எலும்பு ஊசி ஊசியாகச் சிதறும். கடையில் விற்கும் இத்தகைய எலும்புகளால் சுமார் 90 நாய்கள் பாதிக்கப்பட்டதாகவும் அவற்றில் 15 இறந்ததாகவும் தனக்குப் புகார்கள் வந்ததை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் வெளியிட்டு எச்சரித்தது. ஞாயிறு பிரியாணியில் மிஞ்சிய எலும்பை அன்பாக நாய்க்கு வைப்பவர்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

மாட்டுத்தோலைச் சுருட்டி முடிச்சுப் போட்ட ‘ராஹைட்’ எலும்பு இங்கே எல்லாக் கடைகளிலும், விலையும் மலிவாகக் கிடைக்கிறது. மென்மையாவதால் பல்லுக்குப் பெரிய தீங்கில்லை. தொண்டைக்கும் குடலுக்கும்தான் தீங்கு. எச்சிலில் ஊறியதும் தோல் வழவழப்பாகிவிட, முடிச்சுப் பகுதியை நாய் அப்படியே விழுங்கிவிடுகிறது. உள்ளே போய் ஊதிப் பெருத்தால் அடைப்புதான். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் பிரித்துவைத்த பொட்டலம் விரைவில் பூஞ்சை பிடிப்பதும் உண்டு. எங்கள் வீட்டில் இதற்கு இடமில்லை.

கயிற்றுப் பொம்மையை நாம் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நாயோடு இழுத்து விளையாடலாம்; முடிந்ததும் எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். தனியே விட்டால் நூல் நூலாகப் பிரித்து விழுங்கும். நீள நூல் ஒரு முனை சிக்கிக்கொண்டால், குடலைச் சுருக்குப்பை வாய்போலச் சுருக்கி அறுத்துவிடக்கூடும். கீச்சென்று சத்தமிடும் பொம்மைகளில் உள்ளிருக்கும் ஊதியைத் தோண்டியெடுப்பதே எங்கள் லாப்ரடாருக்கு முதல் வேலை என்பதால் அவற்றையும் நிறுத்திவிட்டோம். டென்னிஸ் பந்தை எறிந்து எடுத்துவரச் சொல்வது சரி, மெல்ல விடுவது சரியல்ல: அதன் மேலுறை பற்களைத் தேய்க்கும், வீராம்பட்டினம் கடற்கரையில் விளையாடிய பந்தில் மணலும் சேர்ந்துவிட்டால் அது உப்புத்தாளாகவே வேலை செய்யும்.

இவ்வளவையும் கழித்த பிறகு நான் மனதாரப் பரிந்துரைப்பது உள்ளே கூடான, தடித்த இயற்கை ரப்பர் பொம்மை. இதில் பெயர்பெற்றது அமெரிக்காவின் ‘காங்’. அது பிறந்த கதையே பல்லைப் பற்றியதுதான்: கொலராடோ மாநிலத்தில் ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்டு கற்களைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது, வோக்ஸ்வாகன் வண்டியிலிருந்து கழற்றிய ரப்பர்ப் பாகம் ஒன்றை அது விரும்பிக் கடிப்பதைப் பார்த்து அவர் 1970களில் இந்த வடிவத்தை உருவாக்கினார். நகச் சோதனையில் இது தேறுகிறது. நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டும்: குட்டிகளுக்கான இளஞ்சிவப்பும் இளநீலமும் மென்மையானவை, சிவப்பு வளர்ந்த நாய்க்கு, கறுப்பு மிகப் பலமாகக் கடிக்கும் நாய்க்கு. அளவும் முக்கியம், நிறுவனத்தின் அட்டவணைப்படி 13 முதல் 30 கிலோ நாய்க்கு ‘எல்’ அளவு. இரண்டு அளவுக்கு இடையில் நாய் வந்தால் பெரியதையே எடுங்கள், ஏனெனில் கடைவாய்க்குப் பின்னால் போய்விடும் அளவுள்ள எந்தப் பொம்மையும் மூச்சை அடைக்கக்கூடும்.

இதன் உண்மையான பயன் உள்ளே உணவு அடைக்கும்போதுதான் தெரிகிறது. உப்பும் தாளிப்பும் இல்லாத தயிர்சாதத்தை வேகவைத்த கேரட்டோடு பிசைந்து அடைத்து ஃப்ரீசரில் உறையவைத்துக் கொடுத்தால், சித்திரை வெயிலில் நாய் அதை நெடுநேரம் நக்கிக்கொண்டு அமைதியாக இருக்கிறது. சாம்பார் சாதம் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. திராட்சையும் உலர்திராட்சையும் அப்படியே. நிலக்கடலை வெண்ணெய் அடைப்பதானால் அதில் சைலிடால் என்ற இனிப்பு சேர்க்கப்படவில்லை என்று பார்த்தே வாங்க வேண்டும். குறை என்று சொன்னால் விலைதான். சாதாரண ரப்பர் பொம்மையைவிடப் பல மடங்கு அதிகம். உட்குழியைக் கழுவுவதும் எளிதல்ல, பாட்டில் கழுவும் பிரஷ் வேண்டும்.

விலையை எண்ணி, காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் தள்ளுவண்டியில் குவித்திருக்கும் குழந்தைப் பொம்மைகளை நாய்க்கு வாங்க வேண்டாம். அவை பல்லுக்குத் தாங்குமாறு செய்யப்பட்டவை அல்ல. 2021 ஜனவரி முதல் குழந்தைப் பொம்மைகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளை மனதில் வைத்தது. நாய் கடிப்பதை அது சோதிப்பதில்லை. மலிவான ரப்பர்தான் வாங்க முடியும் என்றால் மூன்றைப் பாருங்கள்: மூக்கைத் துளைக்கும் ரசாயன நெடி இருக்கக் கூடாது, கையில் சாயம் ஒட்டக் கூடாது, கூடான பந்தாக இருந்தால் இரண்டு துளைகளாவது இருக்க வேண்டும். ஒற்றைத் துளைப் பந்தில் காற்று வெளியேறி, நாக்கு உள்ளே உறிஞ்சப்பட்டுச் சிக்கிக்கொள்வதுண்டு.

எந்தப் பொம்மையானாலும் விளிம்பு பெயரத் தொடங்கினால் அன்றே குப்பையில் போட்டுவிடுங்கள். நாய் துண்டை விழுங்கி, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ சோறு மறுத்தாலோ காத்திருக்கக் கூடாது. குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்துக்கோ அருகில் உள்ள கால்நடை மருத்துவரிடமோ உடனே கொண்டுபோங்கள். போகும்போது மிச்சமிருக்கும் பொம்மையையும் எடுத்துச் செல்லுங்கள். ரப்பரும் துணியும் எக்ஸ்ரேயில் எலும்பைப்போலத் தெளிவாகத் தெரியாதென்பதால், எவ்வளவு பெரிய துண்டு காணவில்லை என்பதை மருத்துவர் அதைப் பார்த்து அறிய முடியும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள்.