கவுண்டி மக்கள்தொகை ஆப்: அஞ்சுக்கு மூணரை ஸ்டார்

வீடு வாங்கலாம்னு அமெரிக்காவுல டெக்சஸ்ல, டல்லாஸுக்கு வடக்க இருக்க காலின், டெண்டன் ரெண்டு கவுண்டிலயும் (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) அலைஞ்சிட்டு இருந்தப்போ ஃப்ரெண்ட் ஒருத்தர் இந்த ஆப்ப போடச் சொன்னாரு, சென்சஸ் நம்பர எடுத்து பக்கத்து பக்கத்து கவுண்டிய கிராஃப்ல கோடு போட்டு காட்டும், அவ்ளோதான் வேலை, ஆனா உக்காந்தா ரெண்டு மணி நேரம் போறதே தெரியல. 1970ல காலின்ல சுமார் 67 ஆயிரம் பேர், டெண்டன்ல 75 ஆயிரம், ரெண்டும் அப்போ பருத்தி, சோளம்னு கிடந்த ஊருங்க. 1980ல காலின் ஒரு முடி அளவு முந்துது, 1990ல டெண்டன் திருப்பி முந்துது, 2000ல காலின் ஒரே தாவு 4.9 லட்சம், 2020ல 10.6 லட்சம், டெண்டன் 9 லட்சத்துலயே நிக்குது. டல்லாஸ்லேர்ந்து போற டோல்வே (காசு கட்டி போற ரோடு) வடக்க நீள நீள, டொயோட்டா மாதிரி கம்பெனிங்க காலின்ல இருக்க பிளேனோவுக்கு வர வர, நம்ம ஊர் சனம் உட்பட எல்லாரும் பின்னாடியே வந்தாச்சு.

கடுப்பு என்னன்னா, டல்லாஸ் கவுண்டிய சேத்தீங்கன்னா அது 26 லட்சத்துல மேல போய் உக்காந்துக்குது, மத்த ரெண்டும் தரையோட ஒட்டிக்குது. சதவீதம் பட்டன தட்டுங்க, அப்பதான் கதையே தெரியும்: 2010-20ல காலின் வளர்ந்தது 36 சதவீதம், டல்லாஸ் வெறும் 10. அந்த பட்டன் எங்க இருக்குன்னு தேடவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு, செட்டிங்ஸுக்குள்ள மூணாவது பக்கத்துல புதைச்சு வச்சிருக்கான் மகராசன். அப்புறம் ஃப்ரிஸ்கோ ரெண்டு கவுண்டிலயும் கால் வச்சிருக்க ஊரு, அத ஒண்ணா பாக்க வழியே இல்ல. பிடிஎஃப் எடுக்க காசு கேக்குது, நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கிட்டேன்.